கார்த்திகைக் கிழங்கு

இன்று மருதனார்மடச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பஸ் யன்னலால் கார்த்திகைப்பூவைக் கண்டேன். மல்லாகம் தாண்டி, ஆள் இல்லாத ஒரு வளவின் கிளுவை வேலியில் அது ஏறிப் படர்ந்து இந்த வருடத்து முதற் பூக்களை விரித்திருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இதழ்கள் எல்லாம் மேல்நோக்கி வளைந்திருந்தன. பஸ் நிற்கவில்லை. ஒரு கணம்தான் பார்த்தேன். ஆனாலும் மடியில் இருந்த மரக்கறிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முன் இருக்கையில் இருந்த பெண் தன் சின்ன மகளுக்கு அதைக் காட்டக் கையை நீட்டினாள். பிறகு பஸ்ஸுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். அவளுடைய பயம் எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில் அந்தப் பூ, ஆயுதம் ஏந்திப் போராடிய இயக்கத்தின் பூவாக இருந்தது. போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும், கார்த்திகை மாதத்தில் அதை வாசலில் வளர்க்கிறவரிடம் ஏன் என்று கேட்கப் புலனாய்வு ஆட்கள் வருகிறார்கள். ஊரில் எல்லாரும் அந்தப் பூவுக்குப் பயப்படுகிறார்கள். நான் அதன் கிழங்குக்குப் பயந்தவள். அதை முதலில் அறிந்தவர் நீர்தான். அதனால்தான் வீட்டுக்கு வந்து மரக்கறியைக்கூட எடுத்து வைக்காமல் உமக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் காணிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், நாம் சிநேகிதிகளானது இடம்பெயர்ந்த பிறகுதான். அதுவரை நீர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேலையுடன் வேதக் கோயிலுக்குப் போகிறவர். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள், வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். தெல்லிப்பழையில் எங்கள் காணிகள் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டபோது மருதனார்மடத்தில் ஒரே வீட்டின் முன் அறையில் நீரும் கணவரும் மகளும், பின் அறையில் நான். உமது கணவர் அந்த வீட்டில்தான் இறந்தார். உமது மகள் அந்த வீட்டிலிருந்துதான் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். கடைசியில் காணிகளை விடுவித்தபோது போய்ப் பார்க்க நாம் இருவர்தான் மிஞ்சியிருந்தோம். வீடுகளுக்குக் கூரை இல்லை. உமது கிணற்றுக்குள் ஒரு அரசமரம் நின்றது.

கண்ணிவெடி அகற்றினவர்கள் மண் சுத்தம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனாலும் வேலி அடைக்க வந்த கந்தையா அண்ணை முதன்முதலில் குழி போட அலவாங்கை ஓங்கியபோது நாம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு தூரப் போய் நின்றது உமக்கு நினைவிருக்கும். அவர் அலவாங்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ரெண்டுபேரும் உப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கெல்லோ கால் நடுங்குது," என்றார்.

"நீங்கள் போடுங்கோ, நாங்கள் கண்ணை மூடுறம்," என்றீர் நீர். உண்மையாகவே மூடிக்கொண்டீர்.

அப்படி மண்ணைத் தொடப் பயந்தவர், பிறகு அதே மண்ணைக் கையால் கிளறித் தோட்டம் செய்தீர். கத்தரி, மிளகாய், வேலியோரம் செவ்வந்தி. ஒரு செடி பட்டால் அதே இடத்தில் இன்னொன்று. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வளவுக்கும் நடுவில் கந்தையா அண்ணை அடைத்த கிளுவை வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. பகலில் நாலைந்து தரமாவது அந்தப் பொட்டால் நாம் போய் வந்தோம்.

போன வருடம் ஆவணி மாதத்தில் உமது பரிசோதனை முடிவு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நான் காத்து நின்றேன். நீர் வெளியே வந்து, சோதனைத் தாள் கொடுக்கிற ரீச்சர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, "பாஸ் பண்ணேல்லை," என்றீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உமக்கும் வரவில்லை. வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரல் வரை போய்விட்டது என்று ஆட்டோவில் வரும்போது சொன்னீர். 

அதற்குப் பிறகு வந்த புரட்டாதி மாதத்தில்தான், ஒரு பின்னேரம், உமது கிணற்றடியில் நீர் குந்தியிருந்து எதையோ கழுவுவதைக் கண்டேன். பொட்டால் நுழைந்து கிட்ட வந்தேன். உமது கையில் கலப்பை மாதிரிக் கவைத்த ஒரு கிழங்கு. பக்கத்தில் வாளிக்குள் இன்னும் சில.

"உது என்ன?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"பாத்தால் தெரியேல்லையோ? கார்த்திகைப்பூக் கிழங்கு. ஒழுங்கைக் கரைப் பத்தையுக்குள்ளை கிண்டினனான்."

"என்னத்துக்கு?"

"பூவுக்கு," என்றீர். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நஞ்சுக் கிழங்கு என்ன செய்யும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது கேள்விப்பட்ட செய்தி மட்டும் அல்ல. நான் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் அதைத் தின்றவர்களைக் கொண்டுவருவார்கள். அநேகம் பேர் இளம் பெண்கள். கொண்டுவரும்போதே மனம் மாறியிருந்தவர்கள் உண்டு. என்னைக் காப்பாற்றுங்கோ என்று கேட்டவர்கள் உண்டு. கேட்ட எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. மருந்து கொடுக்கிற யன்னலுக்கு நேரேதான் உறவினர்கள் வந்து நிற்கிற தாழ்வாரம். அவர்களுடைய முகங்களை நான் மறந்ததில்லை. நீர் வாளித் தண்ணீருக்குள் அந்தக் கிழங்கை மெல்ல அலசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தாழ்வாரம்தான் கண்ணுக்குள் வந்தது.

"உலகத்திலை வேறை பூ இல்லையோ?" என்றேன்.

"இருக்கு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

வேலியோரம் ஆழமில்லாத ஒரு கான் வெட்டி, ஆட்டெரு போட்டு, கிழங்குகளைப் படுக்கையாக வைத்தீர். கவையின் நுனி உடையக்கூடாது, முளை அதில்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே மண்ணை மூடினீர். நான் ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் வைக்கிறீர் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் செடிக்காகப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கலாம். இல்லை, நினைத்திருக்க மாட்டீர்.

அன்றிலிருந்து என் விடிகாலைகள் மாறின. எழும்பியதும் அடுப்புப் பற்றவைக்க முன்னம் வேலிக்குப் போவேன். முதலில் உமது குசினிக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அந்தக் கான் மண் கிளறப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கதவு திறக்கக் கொஞ்சம் பிந்தினால், பொட்டில் கால் வைத்தபடி, கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் நிற்பேன். நீர் கோப்பையுடன் வெளியே வந்து, "என்ன, விடியக் காத்தாலை வேலியிலை தொங்கிக்கொண்டு நிக்கிறீர்?" என்று கேட்பீர். சீனி இருக்கிறதா என்று கேட்க வந்தேன் என்பேன். எத்தனையோ தரம் சீனி கேட்டிருக்கிறேன். நீரும் ஒவ்வொரு தரமும் தந்தீர். என் வீட்டுச் சீனிப் போத்தல் நிரம்பி வழிந்தது.

நேரே கேட்டிருக்கலாம். நாம் ஒளித்துப் பழகியவர்கள் அல்ல. ஆனால் கேட்டால் நீர் ஓம் என்று சொல்லிவிடுவீரோ என்று பயம். சொன்ன பிறகு அதற்கு நான் என்ன செய்வது?

ஐப்பசி மழை விழுந்ததும் முளைகள் வந்தன. அந்தச் செடி வளர்கிற வேகம் எனக்குப் பயமாக இருந்தது. இலை நுனியே சுருண்டு கையாகி, கிளுவைக் கம்பைப் பிடித்து, பிடித்து, மேலே போயிற்று. கார்த்திகை பிறக்கும்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மருந்து ஏற்றிவிட்டு வருகிற நாட்களில் உமக்கு நிற்க ஏலாது. ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேலிக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருப்பீர். மொட்டுகள் பச்சையாகத் தலைகுனிந்து நின்று, பிறகு மஞ்சளாகி, பிறகு இதழ்களை மேலே தூக்கிச் சிவந்தன. கந்தையா அண்ணை ஒழுங்கையால் சைக்கிளில் போனவர் இறங்கி வந்தார்.

"ரீச்சர், உதைப் புடுங்கி எறியுங்கோ. உந்தப் பூவாலை உங்களுக்குக் கரைச்சல் வரும்."

"மாதம் முடியப் பூவும் முடிஞ்சிடும் அண்ணை," என்றீர்.

"கரைச்சல் அதுக்கு முந்தி வந்திடும்."

அவர் சொன்னபடியே வந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், சாதாரண உடுப்பில். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். ஒருவன் கைபேசியில் பூவைப் படம் எடுத்தான். மற்றவன் நல்ல தமிழில், மரியாதையாகத்தான், கேட்டான்.

"அம்மா, இது யார் நட்டது?"

"நான்தான்."

"ஏன் இந்தப் பூ?"

"வடிவாயிருக்கு எண்டு."

"வேற யாராவது நடச் சொன்னாங்களா?"

"தம்பி, எனக்குப் புற்றுநோய். எனக்கு இப்ப ஒருத்தரும் ஒண்டும் செய்யச் சொல்லுறேல்லை. தண்ணி குடி, மருந்து குடி எண்டு மட்டுந்தான் சொல்லுறினம்."

அவன் உமது பெயர், அடையாள அட்டை, மகள் எந்த நாட்டில் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பக்கத்து வளவில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டான். நான் ஈரச் சேலைக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். தனியாக இருக்கிற ஒரு ஓய்வூதியக்காரி என்றீர். அவர்கள் போன பிறகு நான் பொட்டால் ஓடி வந்தேன்.

"ஒண்டுக்கும் பயப்படாமல் கதைச்சீர்," என்றேன்.

"மெய்யே? இஞ்சை பாரும்." உமது கைகளை நீட்டிக் காட்டினீர். விரல்கள் எல்லாம் தனித்தனியே நடுங்கின. "என்னைக் கொஞ்சம் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போம்."

உம்மைத் தாங்கிக்கொண்டு போகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு நடுங்குகிறவர், இப்போதாவது அந்தச் செடியைப் பிடுங்கச் சொல்வீர் என்று எதிர்பார்த்தேன். நீர் சொல்லவில்லை. அது என் பயத்தைக் கூட்டியது.

தை பிறந்ததும் கொடி மஞ்சளாகிச் சாய்ந்தது. பூ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கந்தையா அண்ணை காய்ந்த தண்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு, "அப்பாடா, போய்த்துலைஞ்சுது," என்றார். எனக்கு அப்போதுதான் பயம் இன்னும் கூடியது. செடி நிற்கும்போது பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். இப்போது எல்லாம் மண்ணுக்குக் கீழே. நட்டதைவிடப் பெருத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உமது வலியும் அந்த மாதத்தில்தான் கூடியது. நீர் அதைச் சொல்லவில்லை; கதிரையின் கைப்பிடியை நீர் பிடிக்கிற விதத்தில் நான் கண்டேன்.

ஒரு மத்தியானம் நான் கொண்டுவந்த கஞ்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யன்னலால் வேலியைப் பார்த்தபடி கேட்டீர்:

"நீர் ஆஸ்பத்திரியிலை கண்டிருப்பீர்தானே. உந்தக் கிழங்கு எப்பிடி வேலை செய்யும்?"

கரண்டியைக் கீழே வைத்தேன். இவ்வளவு மாதமாக நான் பயந்திருந்த கேள்வி அது. 

"நித்திரை மாதிரி வரும் எண்டு நினைக்காதையும்," என்றேன். "பொல்லாத சாவு. நான் கண்ட ஒருத்தரும் அதைத் திரும்பவும் தின்ன விரும்பியிருக்க மாட்டினம்."

"ம்."

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மா." பிறகு கஞ்சியை எடுத்துக் குடித்தீர். கொஞ்சம் உப்புக் குறைவு என்றும் சொன்னீர்.

மாசியில் உம்மைச் சில நாட்கள் வார்டில் வைத்திருந்தார்கள். உம்மைச் சேர்த்துவிட்டு வந்த அடுத்த நாளே, உச்சி வெயிலில், நான் அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பொட்டால் நுழைந்தேன். உமது அனுமதி கேட்கவில்லை. எல்லாக் கிழங்கையும் எடுத்து எரித்துவிடுவது, நீர் வந்து என்னுடன் கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தேன். நீர் வைத்த இடங்கள் எனக்குத் தெரியும். முதலாவது இடத்தில் அலவாங்கைப் போட்டேன். மண் இலகுவாக விட்டுக்கொடுத்தது. ஏற்கெனவே கிளறின மண். கையை விட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. அடுத்த இடம், அதற்கு அடுத்தது, கான் முழுவதும். ஒரு துண்டுக் கிழங்குகூட இல்லை.

நான் அந்தக் கானுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் உம்முடன் ஆட்டோவில் வந்த துணிப்பை நினைவுக்கு வந்தது. நான் அடுக்கித் தருகிறேன் என்றபோது, வேண்டாம், நானே அடுக்கிவிட்டேன் என்று சொன்னீர்.

சேலை முழுக்கச் செம்மண்ணுடன் ஒழுங்கையில் ஓடிய என்னைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. சந்தியில் ஆட்டோ பிடித்தேன். வார்டில் பார்வையாளர் நேரம் இல்லை. அங்கே இருந்தவர்கள் என்னைப் பழைய ஆள் என்று தெரிந்து உள்ளே விட்டார்கள். நீர் கண்ணை மூடிப் படுத்திருந்தீர். உமது நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியைத் திறந்து துணிப்பையை எடுத்தேன். துவாய், சீப்பு, வேதாகமம், மாற்றுச் சட்டைகள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறினேன்.

"என்ன தேடுறீர்?"

கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர். உம்முடைய பார்வை என் கைகளில் இருந்த மண்ணில் நின்றது.

"எங்கை கிழங்கு?" என்றேன். மற்றக் கட்டில்காரர் கேட்கக்கூடாது என்று மெதுவாகக் கேட்க நினைத்தேன். குரல் உடைந்து பெரிதாகத்தான் வந்தது.

"இஞ்சை இரும்," என்று கட்டில் ஓரத்தைக் காட்டினீர்.

"இருக்கேலாது. எங்கை எண்டு சொல்லும்."

"உம்மடை வளவுக்கை."

எனக்கு விளங்கவில்லை.

"நீர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன நேரம் கிண்டிக்கொண்டு போய் உம்மடை பக்கம் நட்டனான். நீர் காணாமல் ரெண்டு பக்கமும் சருகு பரப்பினனான். பாதி உயிர் போச்சு." இளைத்து இளைத்துச் சொன்னீர். "ரிசல்ட் வந்தாப் பிறகு அதுக்குத்தான் கிண்டினனான். நீர் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டீர், எனக்குத் தெரியும். உம்மடை சீனியும் நீரும். பிறகு அது முளைச்சு வரக்கை, சரி, பூத்து முடியட்டும் எண்டு விட்டன். பூத்து முடிஞ்சுது. வலியும் வந்திட்டுது. எனக்கு என்னிலைதான் பயம் வந்திட்டுது. என்ரை வளவிலை கிடந்தால் ஒரு நாளைக்குக் கிண்டிப்போடுவன்."

"என்ரை வளவிலை கிடந்தால்?"

"உம்மடை காணியிலை களவெடுக்க மாட்டன்." முகத்தில் சிரிப்பின் சாயல் வந்தது. "பத்துக் கட்டளையிலை எனக்குச் சின்னனிலை நல்லாப் பாடமானது அதுதான்."

நான் அழுதேன். நீர் அழவில்லை. அழுது முடிந்ததும், "எந்த இடத்திலை?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டன்."

"ஏன்?"

"சொன்னால், நான் ஒரு நாளைக்கு வலி தாங்காமல் கெஞ்சக்கை நீர் கிண்டித் தந்துபோடுவீர். உம்மை எனக்குத் தெரியும்."

  உமது வலிக்கு முன்னால் நான் எவ்வளவு தாங்குவேன் என்று எனக்கே தெரியாது. அதையும் நீர் எனக்கு முன்னமே யோசித்திருந்தீர்.

அன்றைக்கே வார்டு டொக்டரிடம் போனேன். இவ்வளவு நாளும் வலி எப்படி என்று அவர் கேட்டபோதெல்லாம் நீர் "பரவாயில்லை" என்று சொல்லி வந்திருக்கிறீர். நான் உம்மைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்து உமது பக்கத்தில் கன நேரம் இருந்து கதைத்தார். வலிக்கு வேறு மருந்து தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மருந்தை நேரம் பார்த்து என் கையாலேயே தந்தேன். பங்குனியில் நீர் மறுபடி கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் போட்டதைக் கண்டபோது, இப்படி முதலிலேயே வாய்விட்டிருக்கலாமே என்று இருவரும் ஒருவரை ஒருவர் ஏசினோம்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. வைகாசியில் ஒரு பின்னேரம், மருந்தும் கேட்காத ஒரு நேரத்தில், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இடத்தைச் சொல்லட்டே?" என்று கேட்டீர். வேர்த்து நனைந்திருந்தீர். நான் எவ்வளவு பயந்தேன் என்பதை இன்றுதான் சொல்கிறேன்: சொல்லும் என்று சொல்ல எனக்கு ஆசை வந்தது.

"சொல்லாதையும்," என்றேன். "என்னாலை ஏலாது. சொல்லாதையும்."

"சரி," என்றீர். கையை விடவில்லை. மருந்து பிடிக்கும்வரை அப்படியே இருந்தோம்.

ஆனியில் உமது மகள் வந்து சேர்ந்தாள். அவள் வந்து ஒரு கிழமைக்குள், காலைச் சாப்பாட்டு நேரத்தில், அவள் உமது தலையைக் கோதிக்கொண்டிருக்கும்போது போனீர். அமைதியாகத்தான் போனீர். அடக்கம் முடிந்து, வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்துவிட்டு அவள் கனடாவுக்குத் திரும்பினாள். கிழங்கைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் அதை எப்படித் தொடங்குவது?

பிறகு நான் என் வளவுக்குள்ளேயே பயந்து நடந்தேன். மண்ணில் எங்கோ நீர் வைத்தது கிடக்கிறது. எங்கே என்று தெரியாது. மிளகாய்க்குக் கொத்தும்போது மண்வெட்டியை மெல்ல மெல்லப் போட்டேன், முன்னொரு காலம் வெடிக்குப் பயந்து போட்ட மாதிரி. கிணற்றடி, எலுமிச்சையடி, வேலியோரம் என்று நீர் வைத்திருக்கக்கூடிய இடங்களை எல்லாம் யோசித்தேன். உமது வயிற்றில் அந்த நோயுடன் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடந்திருப்பீர்?

ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. படலையைத் திறக்கப் போனபோது, படலைத் தூணுக்குப் பக்கத்தில், மண்ணைக் கீறிக்கொண்டு வந்த பச்சை முளைகள். என் வளவிலேயே தெருவுக்கு மிகக் கிட்டிய இடம். போகிற வருகிறவர் எல்லாருடைய கண்ணும் படும் இடம். ஒருவரும் காணாமல் நீர் வந்து கிண்ட முடியாத இடமாகத்தான் தெரிந்தெடுத்திருக்கிறீர். அது எனக்கு உடனே விளங்கியது. அடுத்த கணமே மற்றதும் விளங்கியது. இனிமேல் மோட்டார் சைக்கிள் வந்து நின்று, யார் நட்டது என்று கேட்கப்போவது என்னிடம்.

உம்மை ஏசினேன். படலையடியில் நின்று, வாய்விட்டு, உம்மை நன்றாக ஏசினேன்.

இப்போது அது இடுப்பு உயரம் தாண்டிவிட்டது. பிடித்து ஏற ஒன்றும் இல்லாமல் நுனிகள் நேற்றுவரை காற்றில் துழாவின. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். தபால்காரர் வந்தாலும் யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். பிடுங்கிவிடலாம் என்று இரண்டு தரம் போய்க் குனிந்துவிட்டு, பிடுங்காமல் வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உமது மகள் தொலைபேசி எடுத்தபோது சொல்லிவிட்டேன். கிணற்றடியில் தொடங்கி, வார்டில் நீர் சொன்னது வரை எல்லாவற்றையும். அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து, "பிள்ளை?" என்றேன்.

"இருக்கிறன், அன்ரி." பிறகு கேட்டாள்: "அம்மா நல்லாப் பயந்தவவோ?"

"ஓம், பிள்ளை. நல்லாப் பயந்தவ."

"என்னட்டை ஒரு நாளும் சொல்லேல்லை. போன் எடுத்தால் கத்தரிக்காய் காய்ச்சதைத்தான் சொல்லுவா."

"என்னட்டையும் கன நாள் சொல்லேல்லை. சொன்ன பிறகுதான் ரெண்டுபேராலையும் தாங்க முடிஞ்சுது."

அவள் அழுதாள். நான் இந்தப் பக்கம் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிடுங்கச் சொல்லியும் அவள் சொல்லவில்லை, விடச் சொல்லியும் சொல்லவில்லை. கவனமாக இருங்கோ அன்ரி என்று மட்டும் சொன்னாள்.

நேற்றுக் கந்தையா அண்ணை கிளுவை வெட்ட வந்தார். படலையடியில் செடியைக் கண்டதும் என் முகத்தைப் பார்த்தார். ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. நல்ல மனுஷர், எத்தனையோ வருடமாக எங்கள் இருவருக்கும் வேலி அடைத்தவர். ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லியிருக்கலாம். தன்பாட்டில் முளைத்தது என்றிருக்கலாம். நான் என் கைகளைப் பார்த்தேன். அன்றைக்கு உமது கைகள் நடுங்கின மாதிரியே நடுங்கின. நீர் செய்ததைப் போல அவற்றை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"அண்ணை, இது ரீச்சர் வைச்சது. எனக்குப் புடுங்க மனமில்லை. வைச்சிருக்கவும் சரியான பயமாக் கிடக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஒழுங்கையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"எனக்கும்தான்," என்றார்.

பிறகு வெட்டிப் போட்டிருந்த கிளுவையில் நல்ல நெட்டையான ஒரு கம்பைத் தெரிந்தெடுத்து, அடியைச் சீவினார். நான் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் செடிக்குப் பக்கத்தில் அலவாங்கால் குழி போட்டார்.